மனப்பாடமான கேள்விகள்

"ஆணுறை போடறது எப்பவுமா, சில நேரமா, எப்பவுமே இல்லையா? சொல்லு கண்ணு."

ஜெஸிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பவுமே இல்லீங்க்கா. அவருக்குப் புடிக்காது."

குன்னூரில், வர்க்கி ரொட்டி விற்கும் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில் இரண்டு பேர்தான். படிவம் மேஜையில் கிடந்தது. வேலாமணி அதைப் பார்க்கவே இல்லை. எட்டு வருஷமாக அதே கேள்விகள், எல்லாம் மனப்பாடம்.

"போடச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டா, என்னையவே சந்தேகப்படறியான்னு கத்துவாரு."

"கத்தட்டுமே. தொண்டை வலிச்சா அவருக்குத்தான வலிக்கும்?"

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அடிவயிறு சுண்டியிழுக்க, கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எத்தன நாளா இந்த வலி?"

"ரெண்டு மாசமா. வெள்ளையும் படுது."

"டெஸ்ட் பண்ணியா?"

"இல்லீங்க்கா. யாராச்சும் பார்த்துட்டா என்ன நெனப்பாங்க?"

"அட, என்ன கண்ணு நீ! நேத்து வந்து பஸ் ஸ்டாண்டுல நின்ன புள்ளகூடப் பயப்படாம டெஸ்டுக்குப் போகுது."

வேலாமணியின் பொறுப்பில் நாற்பது பெண்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவள் அவள். கடைவீதியில் யார் கேலி பேசினாலும் அவள் நடை தளராது. ஆனால் இப்படித் தன்னந்தனியாக ஒருத்தி பயந்து அவள் பார்த்ததில்லை.

"இப்படியே உட்டா கருப்பைக்குப் போயிரும். நாளைக்குக் கொழந்த வேணுமா, வேண்டாமா?"

ஜெஸிந்தாவின் கண் நிறைந்தது. "வேணுங்க்கா."

"அப்ப எந்திரி. இன்னிக்கு டாக்டரம்மா வர்ற நாளு. மருந்துல சரியாப் போயிரும். ஆனா அவரும் வந்து மருந்து சாப்புடணும்."

"வர மாட்டாரு."

"வர்ற வரைக்கும் கிட்ட சேர்க்காத. முடியாதுன்னு சொல்லிப் பழகு. எங்க, சொல்லு."

"முடியாது."

"இது எனக்கே கேக்கல. கீழ கடைக்காரனுக்குக் கேக்கோணும்."

"முடியாது!"

கீழே தட்டு வைக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. வேலாமணிக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

பாலியல் தொழிலாளிகளுக்கு உள்ள நோய் அபாயத்தை ஆராயக் கோவைக் கல்லூரியிலிருந்து அந்தப் படிவத்தோடு வந்திருந்த, கல்யாணமாகி ஒரு வருஷமே ஆன ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள், இருபது வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கும் வேலாமணி.