தங்கமான மனை

பிரேசர் டவுனில் ஒரு காலி மனைக்கு வரி மதிப்புப் போட வந்த முனிசிபல் அதிகாரி சேஷகிரியை, தெருவிலேயே மடக்கிவிட்டார் ரெமிஜியஸ்.

"முள்ளு மண்டியிருக்கேன்னு குறைச்சு எழுதிடாதீங்க சார். பத்தடி தோண்டினா இளநீர் மாதிரி தண்ணி."

சேஷகிரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மனை வைத்திருப்பவர்கள் பாம்பு, பள்ளம், பேய் என்று அழுவதைக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

"மழை பெய்ஞ்சா தண்ணி நிக்குமே?"

"ஒரு சொட்டு நிக்காது. சர்ச் கிட்ட, மார்க்கெட் கிட்ட. தங்கமான மனை சார்."

"வரி ஏறிடுமே?"

"ஏறட்டும். சர்க்காரை ஏமாத்தலாமா?"

சேஷகிரி நெகிழ்ந்துபோய் முதல் தர மதிப்பையே எழுதினார்.

"உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தா போதும். இங்க கையெழுத்துப் போடுங்க, மிஸ்டர் தியோடர்."

"தியோடர் மெட்ராஸ் போயிருக்கான் சார். வேலித் தகராறுல என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தவன். வந்து பார்த்துட்டு நல்லா வயிறெரியட்டும். நான் ரெமிஜியஸ்."

சேஷகிரி பேனாவை மூடவில்லை.

"அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலி மனை உங்களோடதா?"

"ஆமா சார். அது வெறும் பள்ளம். ஒரே பாம்பு."

"ஒட்டினாப்ல இருக்கிற காலி மனைக்கெல்லாம் ஒரே மதிப்புதான் போடுவோம்" என்றார் சேஷகிரி, எழுதிக்கொண்டே. "பாம்பு மட்டும் வேலியைப் பார்த்து நின்னுடுதா, சார்?"