கறுப்புக் கோடு

இன்றைக்கும் மங்கல்தான்.

மடிக்கணினித் திரையில் சனிக்கிரகம், மழை ஈரத்தில் மறந்து வைத்த வெல்லக்கட்டி மாதிரி ஓரமெல்லாம் கரைந்து கிடந்தது.

அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்தார். மணி ஏழுகூட ஆகவில்லை. உடம்பு அதற்குள் பாயைக் கேட்டது. விடியுமுன் தொடங்கி மதியம் வரை தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்து ஓட்டிய உடம்பு. நாளைக்கும் நாலே முக்கால் வண்டி அவருடையதுதான்.

தொலைநோக்கி பக்கத்தில் நின்றது. அதற்கென்ன, அலுப்பா சலிப்பா.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மூன்று நிமிடம் வீடியோ எடுக்க வேண்டும். அதில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். காற்று அசையாத நொடிகளில் விழுந்த படங்களை மட்டும் கணினி பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும்.

ஆடி மாதத்திலிருந்து முப்பத்தேழு நாள் எடுத்தார். முப்பத்தேழையும் அழித்தார்.

முதலில் காற்றைத் திட்டினார். காற்று நின்றதும் ஈரத்தைத் திட்டினார். தொலைநோக்கிக்குள் இருக்கும் கண்ணாடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, திரும்ப மாட்டினார். தெளிவைச் சரிசெய்யும் திருகை மட்டும் குறை சொல்ல வழியில்லை. நிலாவின் பள்ளங்கள் துல்லியமாக விழுந்த ஒரு நாளில், அதில் அரத்தால் ஒரு கீறல் போட்டிருந்தார். விரலால் தடவி அந்தக் கீறலுக்குக் கொண்டுவந்தால் போதும். கண்கூட வேண்டாம்.

அவருக்கு வேண்டியது ஒரு கோடு. சனியின் வளையத்துக்குள் ஓடுகிற, முடி கனமே உள்ள கறுப்புக் கோடு. ஒன்பது வருடமாகச் சிக்கவில்லை.

பணிமனையில் கேலி செய்வார்கள். "ஊரே சனி போகட்டும்னு விளக்குப் போடுது. இவரு வா வான்னு குழாய் வச்சுக் கூப்பிடுதாரு."

முன்பெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது அதற்கும் தெம்பில்லை.

பேருந்தின் முன்கண்ணாடியும் சரியில்லை. எத்தனை தடவை துடைத்தாலும், எதிரே வருகிற விளக்குகளைச் சுற்றி வெளிச்சம் வளையம் வளையமாக நிற்கிறது. சனிக்குக்கூட அத்தனை இல்லை. எல்லாம் இந்தப் புது மாதிரி விளக்குகள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

போன செவ்வாய்க்கிழமை, இருட்டு பிரியாத நேரம். ஒரு பால்காரர் சைக்கிளோடு திடீரென்று எதிரே முளைத்தார். வண்டி ஒரு முழத்தில் நின்றது. பின்னால் யாரோ கம்பியில் நெற்றி இடித்து முனகினார்கள். விளக்கில்லாமல் ஏன் வருகிறாய் என்று அவர் தலையை நீட்டிக் கத்தினார்.

பால்காரர் கையிலிருந்த டார்ச்சைத் தூக்கிக் காட்டினார். அது எரிந்துகொண்டிருந்தது.

திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

துணி எடுக்க மனைவி செல்லக்கனி மேலே வந்தாள். படியேறிய மூச்சு அடங்கட்டும் என்று அவர் தோளருகில் நின்றாள். சும்மா நின்றவள் திரையைப் பார்த்தாள்.

அவர் படத்தை அழிக்க விரலைக் கொண்டுபோனார்.

"ஏங்க, வளையத்துக்குள்ள கறுப்பா மெல்லிசா ஒரு கோடு ஓடுதே. அது நீங்க வரைஞ்சதா?"

விரல் நின்றது.

குனிந்து பார்த்தார். மூக்கு திரையில் இடித்தது. அதே வெல்லக்கட்டி. வளையம் என்றால் ஒப்புக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கே என்று கேட்டார்.

அவள் சுட்டுவிரலை வைத்து, வளையத்தின் வளைவோடு வளைவாக இழுத்துக் காட்டினாள். சரியாக அது இருக்க வேண்டிய இடம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அகப்பட்டுவிட்டது.

பிறகு பயம் வந்தது.

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். திரையைப் பார்த்தார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். மறுபடியும் பார்த்தார். இரண்டிலும் அதே வெல்லக்கட்டி.

அந்த முப்பத்தேழில் எத்தனையில் கோடு இருந்ததோ.

அந்த டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாடியில் பொட்டுக் காற்றில்லை. கொடியில் அவருடைய காக்கிச் சட்டை அசையாமல் தொங்கியது. செல்லக்கனி அதை எடுத்து உதறினாள். நாளைக்கு இதைத்தானே போடுவீர்கள், தேய்த்து வைக்கவா என்று கேட்டாள்.

நாலே முக்கால் வண்டியில் ஐம்பது பேராவது ஏறுவார்கள். பாதிப் பேர் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுவார்கள்.

அவர் கைபேசியை அவளிடம் நீட்டி, பணிமனை எண்ணைத் தேடிப் போட்டுத் தரச் சொன்னார். அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணைத் தேடினாள்.

மறுமுனையில் மணி அடித்தது.

யாரும் எடுப்பதற்குள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கோடு வளையத்தில் முழுசாகப் போகிறதா, நடுவில் எங்கேயும் அறுந்திருக்கிறதா.

அவள் திரையருகே குனிந்து நிதானமாகப் பார்த்தாள். முழுசாகப் போகிறது என்றாள்.

"சொல்லுங்கண்ணே" என்றது மறுமுனை.