அந்த ஆறு இலக்கம்

"கண்ணு, அப்பா பேசுறேன்டா. போன்ல இப்போ ஒரு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும் பாரு. அதை மட்டும் சொல்லிடு."

குரலில் தேன் தடவித்தான் பேசினார். தொண்டை கட்டியிருந்ததால் தேன் ஒட்டவில்லை. காதில் வைத்திருந்த போன்கூட அவருடையதல்ல. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரரிடம் வாங்கியது. ஜன்னலில்லாத சின்ன அறை. கதவை உள்ளே தாழிட்டிருந்தார்கள்.

மேசைமேல் கணினி திறக்காமல் முறைத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரிப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று பாஸ்வேர்டு, அது அவரிடம் இருந்தது. மற்றது, பாஸ்வேர்டைப் போட்டவுடன் அந்த வீட்டில் இருக்கும் போனுக்குப் பறந்துபோகும் ஆறு இலக்க எண். ஒரு சாவியைத் திருடியவனுக்கு மற்றது கிடைக்கக் கூடாது என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் யோசித்துச் செய்த ஏற்பாடு.

அந்த எண்ணுக்கு ஆயுள் பத்தே நிமிடம். மூன்று மாத உழைப்பு பூட்டுக்குள்ளே கிடந்தது. இன்று திறக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"பேர் இல்லாம ஏதோ நம்பர் வருது," என்றது மறுமுனையில் பத்து வயதுக் குரல். "அப்பா போன் என் கையில இருக்கு. அப்புறம் நீங்க எப்படி அப்பா?"

"போனை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன்டா. இது வேற ஒருத்தர் போன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்களாம், அங்கிள்."

'அங்கிள்' என்றதும் கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"சரி, அம்மாகிட்ட குடு."

"வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியாதவங்ககிட்ட சொல்லக் கூடாது. நாலாவது ரூல்."

"அஞ்சாவது," என்றார், வாய் தவறி.

"என்னது?"

"ஒண்ணுமில்லடா. இங்க பாரு, உன் பிறந்தநாள் என்னிக்குன்னு சொல்லட்டுமா?"

"அதை அம்மா கேக்கோட போட்டோ எடுத்து நெட்ல போட்டிருக்காங்க."

"அஞ்சாம் வகுப்பு, பி செக்‌ஷன்!"

"முதல் நாள் யூனிஃபார்ம்ல நின்னேன்ல? அதுவும் போட்டாச்சு."

"போன வாரம் சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டியே, அது?"

"கட்டோட போட்டோ. நூத்து இருபது லைக்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்பா என்று நம்ப வைக்கக்கூடிய ஒவ்வொரு தகவலும் ஏற்கெனவே ஊர்ச் சொத்தாகக் கிடந்தது. கதவுக்கு இரண்டு பூட்டு போட்டுவிட்டு, பின்பக்கச் சுவரை இடித்துவைத்த கதைதான்.

"நாலு நிமிஷம்," என்று கண்ணாடிக்காரர் விரல்களை விரித்துக் காட்டினார்.

"அப்போ ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க," என்றாள் சிறுமி.

குடும்பத்துக்குள் மட்டும் புழங்கும் ஒரு வார்த்தை. எங்கும் எழுதிவைப்பதில்லை, யாருக்கும் சொல்வதில்லை. போனில் யாராவது உறவு கொண்டாடினால் அதைக் கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். காலணா செலவில்லாத அருமையான முறை. அதை அவர் மனதார ஒப்புக்கொண்டார். வார்த்தைதான் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான் மாத்தினோம். நான்தான் செலக்ட் பண்ணேன். எங்க அப்பா போனைப் பாத்துக்கிட்டே 'சரிடா சரிடா'ன்னு தலையாட்டினார், அதனால அவருக்கு நல்லாத் தெரியும். மூணு தடவை தப்பாச் சொன்னா லைன் கட்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் ஒன்றை வீசினார். "பூனைக்குட்டி?"

"தப்பு."

"வானவில்?"

"ரெண்டாவது தப்பு."

"தங்கமே, கொஞ்சம் நான் சொல்றதை…"

"தங்கமே இல்ல. மூணு ஆச்சு."

"ஐயோ, அது வார்த்தை இல்லடா!"

"அதான் நானும் சொல்றேன். அங்கிள், உங்க நம்பரை எழுதி வெச்சுட்டேன். எங்க அப்பா வந்ததும் சொல்லிடுவேன். அவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் அவர், ஈனஸ்வரத்தில்.

"அப்போ ஓடிடுங்க."

இணைப்பு அறுந்தது. கணினித் திரையில் 'நேரம் முடிந்தது' என்ற எழுத்துகள் வந்து நின்றன. கண்ணாடிக்காரர் தன் போனை வாங்கி, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டார்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. வேறு வழியில்லாமல் தாழை நீக்கினார்கள்.

கையில் பூங்கொத்தோடு தலைமையாசிரியை நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கூடத்தில் முந்நூறு பிள்ளைகளின் இரைச்சல்.

"கம்ப்யூட்டர் சார், நீங்க போய் மைக்கைப் பாருங்க," என்று கண்ணாடிக்காரரை அனுப்பினார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "படம் ஓடலைன்னா பரவாயில்ல சார், வாயாலயே சொல்லிடுங்க. போன்ல ஏமாறாம இருக்க நீங்க சொல்ற ஏழு ரூலையும் எழுதிக்கப் பிள்ளைங்க நோட்டோட காத்திருக்காங்க."

பூங்கொத்தை நீட்டியவர், சட்டென்று ஏதோ நினைவு வந்தவராகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா சார், உங்க சொந்தப் பொண்ணு இதையெல்லாம் ஒழுங்கா கடைப்பிடிக்கிறாளா?"