ஆச்சரியக்குறி இல்லாத ‘ரத்து’

பெரம்பலூரில் மணிவேலின் கம்ப்யூட்டர் ஆபீஸில் ஒரு சட்டம். உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்லும் நிரலுக்கு வெறும் பெயர். மெசேஜ் அனுப்புவதுபோல் வெளியே போய் எதையாவது செய்துவிட்டு வரும் நிரலுக்குப் பெயரின் முடிவில் ஆச்சரியக்குறி. சட்டம் போட்ட மணிவேலே, கல்யாண மண்டப புக்கிங்குக்கு எழுதிய ‘ரத்து’க்குக் குறி வைக்க மறந்தான்.

“குறி இல்லையேன்னு, ரத்து மெசேஜ் எப்படி இருக்கும்னு பாக்க ஓட்டுனேண்ணே. நெசமாவே மாப்பிள்ளைக்குப் போயிடுச்சு!” என்றாள் அங்கே வேலை பார்க்கும் கவியா.

மணிவேல் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தான். “என் தப்புதாம்மா. யாரு கல்யாணம்?”

“என்னோடதுதாண்ணே. என் புக்கிங்கை வச்சுத்தான் ஓட்டிப் பாத்தேன்.”

“அய்யய்யோ! போனைப் போடு, நான் கால்ல விழுறேன்.”

போடுவதற்குள் அரும்பாவூர் மாப்பிள்ளையிடமிருந்து பதில் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுக் கவியா மணிவேலிடம் போனை நீட்டினாள்.

“ரொம்ப நன்றிங்க. இதை எப்படிச் சொல்றதுன்னு நானும் ஒரு மாசமாத் தவிச்சுக்கிட்டிருந்தேன்.”