பிரிக்காத பெட்டி

“இது யாரோட கை?”

அலமாரிக் கண்ணாடியில் ஐந்து சின்ன விரல்கள் பிசுக்காகப் பதிந்திருந்தன. வீட்டுத் தலைவர் அதைச் சுட்டிக் காட்டியபடி நின்றார்.

“என் கைப்பா,” என்றான் மகன். இன்னும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். ஆயினும் பாடம் அவனுக்கு மனப்பாடம்.

“தொட்டா என்ன ஆகும்?”

“மதிப்பு குறைஞ்சிடும்ப்பா.”

“நீ எங்க இருக்கணும்?”

“கோட்டுக்கு அந்தப் பக்கம்.”

அவன் அழவில்லை. தரையில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவைத் தாண்டிப் போய் அக்காவின் அருகில் உட்கார்ந்தான். அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் தொண்டையைச் செருமினார். “விடுங்க சார், குழந்தைதானே. என் வீட்டுல ரெண்டு வாலு இருக்கு. உருப்படியா ஒரு கப்பு கிடையாது. விருந்தாளி வந்தா கிண்ணத்துலதான் காபி.”

“அது வளர்க்கிற விதத்துல இருக்கு சார்.”

அலமாரி நிறைய அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொம்மைக் காரின் படம். வீட்டுத் தலைவர் பிறப்பதற்கு முன்பே வார்க்கப்பட்ட உலோகக் கார்கள். பெட்டியோடு விற்கப்பட்டு, பெட்டியை விட்டு ஒரு நாளும் வெளிவரக் கூடாதவை. கை படாததே அவற்றின் பெருமை. கை படாததே அவற்றின் விலை.

ஓடுவதற்கென்று செய்த கார்களுக்குப் பெட்டிதான் இடம். ஓடுவதற்கென்று பிறந்த கால்கள் நாடாவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தன. இரண்டும் அசையாதிருப்பதற்கு அந்த வீட்டில் ஒழுங்கு என்று பெயர்.

“அலமாரியைச் சுவத்தோட சேர்த்து முடுக்கியிருக்கேன், பிடிச்சுத் தொங்கினாலும் சாயாது. பூட்டு ரெண்டு. சாவி எப்பவும் என் இடுப்புல.”

“தூசி யார் துடைக்கிறாங்க?”

“இவதான். ஞாயித்துக்கிழமை மட்டும் சாவி குடுப்பேன். இவளுக்கு இதுல எல்லாம் ஆசை கிடையாது சார். அதனால பயமில்லை.”

மூலையில் அமர்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு சட்டை முடிந்ததும் அடுத்த சட்டையை எடுத்தாள்.

அப்போது பிள்ளைகள் பக்கமிருந்து ஏதோ உருண்டு நாடாவைக் கடந்து வீட்டுத் தலைவரின் காலில் இடித்தது. வண்ணம் உதிர்ந்து, ஒரு சக்கரம் இழந்து நொண்டும் ஒரு கார்.

“எங்கதான் பொறுக்கிட்டு வர்றாங்களோ, இந்தக் குப்பையை!” காலாலேயே அதைத் தள்ளிவிட்டார்.

மதிப்பீட்டாளர் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார், மிஞ்சிய சக்கரம் ஒன்றை நகத்தால் சுழற்றினார். பிறகு சிறுமியின் கையில் வைத்தார். “பத்திரமா வச்சுக்கோம்மா.”

“இவ்வளவு கட்டுக்காவல் இருக்கே சார், அப்புறம் காப்பீடு எதுக்கு?” என்று வீட்டுத் தலைவரிடம் திரும்பினார்.

“பிள்ளைங்க வளருதே! நாளைக்கு நாற்காலி போட்டு ஏறுவாங்க. நாம கண் அசந்தா போதும்.” அவர் குரல் தழைந்தது. “கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து சேர்த்தது சார். எனக்குன்னு ஒரு நல்ல சட்டை எடுத்ததில்லை. இவங்களை ஒரு இடம் கூட்டிட்டுப் போனதில்லை. யாருக்காக? நான் போகும்போது தூக்கிட்டா போகப்போறேன்? எல்லாம் இவங்களுக்குத்தான்.”

“சரி சார். ஒரு பெட்டியைப் பிரிச்சுக் காட்டுங்க.”

அவர் முகம் வெளுத்தது. “பிரிச்சா போச்சே! நானே பிரிச்சதில்லை!”

“உள்ளே இருக்கிறதைப் பார்க்காம நான் எப்படி எழுதுறது? படத்துக்கா காப்பீடு?”

வீட்டுத் தலைவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டுகளைத் திறந்தார். வெள்ளைக் கையுறை மாட்டினார். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இறக்கினார். கையில் கனம் சரியாகவே இருந்தது. ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருந்த மூடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக்கினார்.

உள்ளே கைக்குழந்தையின் காலுறை ஒன்று. காலுறைக்குள் ஒரு கூழாங்கல்.

அடுத்த பெட்டியில் அந்தக் காலுறையின் ஜோடி இருந்தது. அதற்குள்ளும் ஒரு கல். அதற்குப் பிறகு அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கல், கல், மீண்டும் கல்.

யாரும் சொல்லாமலே சிறுமி எழுந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இழுத்து வந்து, நாடாவின் ஓரம்வரை நகர்த்தி வைத்தாள். கோட்டை அவள் தாண்டவில்லை.

டப்பா நிறையக் கார்கள். நெளிந்தவை, நொண்டியவை, வண்ணம் போய் வெறும் உலோகமாய்ப் பளபளப்பவை. ஒன்றுவிடாமல் எல்லாமே ஓடிக் களைத்தவை.

மதிப்பீட்டாளர் தம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“யாரு…” வீட்டுத் தலைவர் டப்பாவின் பக்கம் குனிந்தார். “யாரு எடுத்துக் குடுத்தது?”

மனைவி தலை நிமிரவில்லை. மடித்த துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே சொன்னாள்:

“இவங்களுக்குத்தான்னு சொன்னீங்களே. குடுத்துட்டேன்.”