மூன்றாவது வரியில் கண்ணீர்

செங்கோட்டுவேலு வேலை பார்த்த நிறுவனம், மன்னிப்புக் கடிதம் எழுதும் மென்பொருளை விற்றது. கணினியில் அதை ஏற்றினால் நாற்பது எழுத்துருக்கள் கூடவே வந்து இறங்கும். சாதா வருத்தத்துக்கு ஒன்று, கை நடுங்குவதற்கு ஒன்று, கண்ணீர்க் கறையோடு ஒன்று. மனிதர்களுக்கு வெட்கம் வருவது நின்று பல வருடங்கள் ஆகியிருந்ததால் விற்பனை அமோகம். அந்த எழுத்துருக்களை மென்பொருளோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிற அரும்பணி செங்கோட்டுவேலுவுடையது.

மாமனாருக்கு ஆபரேஷன் நடந்த அன்றும் அவன் ஆபீஸில் உட்கார்ந்து, கறை சரியாகப் பரவுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். மனைவி பூங்கோதை பெட்டியோடு ஈரோட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த மேதாவி, கண்ணீர்க் கறை எழுத்துருவிலேயே அவளுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினான்.

அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பாவப் பாத்துக்க லீவு கேட்டதுக்கு, இல்லைன்னு எங்க ஆபீஸ் மேனேஜர் அனுப்புன கடுதாசிலயும் மூணாவது வரிலதானுங்க கண்ணீர் விழுந்திருக்குது. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதீங்களா?"

வைத்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து பொட்டு வைத்துக்கொள்ளும் பேனாவை அவன் தேடி எடுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கையால் எழுதியதே இல்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் வீங்கிவிட்டது. எழுத்தோ, நாற்பதில் எதிலும் சேராத அலங்கோலம். அப்படியே தபாலில் போட்டான்.

நான்கு நாள் கழித்து மறுபடி போன்.

"இந்தக் கோழிக் கிறுக்கல் எந்த ஃபான்ட்டுங்க?"

"என் கைதான், பூங்கோதை."

போனில் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒரு எழுத்தும் வெளங்கல. நேர்ல வந்து படிச்சுக் காட்டுங்க. அப்பாவும் கேக்கோணும்ங்கறாரு."