பதினான்கு மாதம்

“ஊதுங்க!” என்றாள் மனைவி.

கிரேன் ஓட்டுநருக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் முகத்துக்கு நேராகவே ஊதினார். பற்பசை வாசனைதான் வந்தது.

“பாட்டில எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடிக்கோ. பதினாலு மாசமாச்சு. ஒரு சொட்டு தொட்டிருந்தா என் பேர மாத்திக்கறேன்!”

அவள் நிஜமாகவே கவிழ்த்துப் போட்டாள். ஷூ, தலையணை உறை, ஸ்பேனர் பெட்டி, பரண், எதையும் விடவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஈரல் கெட்டிருக்கிறது என்று அடித்துச் சொன்னது. இருபது வருடம் குடித்த மனுஷனை யார்தான் நம்புவார்கள்?

“பெட்டி அடுக்கியாச்சு. டாக்டரும் குடிதான்னு சொல்லிட்டா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் வீம்பாகப் பாத்திரம் கழுவப் போனார். குடியை விட்டதிலிருந்து அது அவர் வேலை. ஜோடியாக வாங்கிய இரண்டு வெள்ளைச் சூப் கிண்ணங்களில் அவளுடையது பளிச்சென்று இருந்தது. அவருடையதில் அடியில் படிந்த கறை, எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உண்மையச் சொல்லுங்க. தினமும் என்ன குடிக்கிறீங்க?”

“தண்ணி, காபி, சூப்பு.”

“மாத்திரை, மருந்து ஏதாவது?”

“தலைவலிக்குக்கூடப் போட்டதில்ல.”

டாக்டர், பக்கத்திலிருந்த மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ஓட்டுநரைச் சுட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இப்பவே என்னை அட்மிட் பண்ணுங்க. வாசல்ல ஆளப் போட்டுக் காவல் காக்கச் சொல்லுங்க. நீங்க குடுக்கறத மட்டும் தின்னுட்டுக் கெடக்கேன். பத்து நாள் கழிச்சு ரத்தம் எடுங்க. ஈரல் தேறியிருந்தா இவ எங்கயும் போகக்கூடாது!”

“தேறலேன்னா?” என்றாள் மனைவி.

“உன் பெட்டிய நானே தூக்கி வண்டியில ஏத்தறேன்.”

குடிக்கிறவன் இப்படிப் பந்தயம் கட்டுவானா என்று டாக்டருக்கே சந்தேகம் தட்டியது. சரி என்று எழுதிக் கொடுத்தார். கிரேன் ஏறுகிற மிடுக்கு குறையாமல் அவர் நர்ஸின் பின்னால் வார்டுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“டாக்டர், இத மட்டும் நிறுத்திடாதீங்க. மஞ்சள் சத்துக் கேப்ஸ்யூல். மாத்திரைன்னா அவர் தொடமாட்டார். அதான் ஆறு மாசமா, அவருக்குத் தெரியாம தினம் நாலு கேப்ஸ்யூலப் பிரிச்சு அவரோட சூப்புல கலந்து குடுக்கறேன். குடிச்சுக் கெட்ட ஈரலுக்கு ரொம்ப நல்லதுன்னு சொன்னாங்க.”

டாக்டர் லேபிளைத் திருப்பினார். மஞ்சள் உடம்பில் அதிகம் ஏற மிளகுச் சத்து சேர்த்தது, நாளுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, ஈரல் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பாட்டிலை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“ஈரலைக் கெடுத்ததே இதுதாம்மா. போய்ப் பெட்டியப் பிரிச்சு வைங்க.”